47 வயசு, பலகுரல் மேடை: குரலை மாத்துறதா, தொழிலை மாத்துறதா?

மைக்முன்னாடி (தேனி மாவட்டம்)

எல்லாருக்கும் வணக்கம். லைட் மியூசிக், ஆடல் பாடல் மேடைகள்ல பலகுரலும் காமெடியும் பண்றவன் நான். இருபது வருசத்துக்கு மேல இதான் பொழப்பு. டிவியில முகம் காட்டினதில்ல, ஒரு சேனல்ல செலக்சன் வரைக்கும் போயிட்டு வந்ததோட சரி. அதனால நோட்டீஸ்ல என் படம் எப்பவும் அடி ஓரத்துல, சவுண்ட் சர்வீஸ்காரர் படத்துக்குப் பக்கத்துல.

விசயத்துக்கு வர்றேன். என்கிட்ட இருக்கிற குரல்கள்ல பாதிக்கு மேல இறந்தவங்க குரல். எம்.ஆர்.ராதா, நம்பியார், தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன். முன்னாடி தரையில உக்காந்திருக்கிற பிள்ளைகளுக்கு இவங்க யாருன்னே தெரியல. நம்பியார் மாதிரி ரெண்டு கையையும் பிசைஞ்சா, ஆளுக்குக் குளிருது போலன்னு பாக்குதுங்க. பின்னாடி சேர்ல இருக்கிற பெரியவங்க ரசிக்கிறாங்க. ஆனா அவங்கள்லாம் பத்து மணிக்கு முன்னாடியே துண்டை உதறிட்டுக் கிளம்பிடறாங்க.

2023 டிசம்பர் 28-ல விஜயகாந்த் இறந்தாரு. அடுத்து வந்த பங்குனித் திருவிழாவுல வழக்கம்போல அவர் குரலை எடுத்தேன். கூட்டம் கை தட்டுச்சு, யாரும் சிரிக்கல. ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அதுக்கு மேல காமெடி வரியைச் சொல்ல நாக்கு வரல. "கேப்டன் நம்ம நெஞ்சுல இருக்காரு"ன்னு முடிச்சிட்டு அடுத்த பாட்டுக்கு விட்டுட்டேன். அன்னையிலிருந்து அந்தக் குரலை அஞ்சலியாத்தான் பண்றேன். எனக்கு நல்ல சிரிப்பு வாங்கிக் குடுத்துக்கிட்டிருந்த குரல் அது.

புதுக் குரல் பிடிங்கன்னு ஆர்கெஸ்ட்ரா ஓனர் சொல்றாரு. பழைய ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு இழுப்பு, ஒரு கனைப்பு, ஒரு கோணல் இருந்துச்சு. இப்ப வர்ற நடிகருங்க எதிர்வீட்டுப் பையன் பேசற மாதிரியே பேசறாங்க. இதுல எதைப் பிடிக்கிறது?

மச்சான் ஒருத்தர் இரும்புக் கடை வச்சிருக்காரு, கணக்கு எழுத வான்னு கூப்பிடறாரு. மேடை ஏறினவங்க மட்டும்னு இல்ல, யாரு வேணாலும் சொல்லுங்க.

கீபோர்டுக்காரன் (திண்டுக்கல்)

அண்ணே, நான் சின்னதா ஒரு ட்ரூப் நடத்தறேன். உண்மையைச் சொன்னா கோவிச்சுக்காதீங்க. காமெடி ஆளை நாங்க கூட்டிட்டுப் போறது டான்சர்ங்க டிரஸ் மாத்தற நேரத்துக்காகத்தான். அந்த ஆறேழு நிமிசம் மேடை காலியா இருந்தா பையனுங்க விசிலடிச்சு ரகளையைத் தொடங்கிடுவாங்க. டிரஸ் மாத்தி முடிஞ்சதும் ஓரத்துல இருந்து கையைக் காட்டுவோம். நீங்க நல்ல ஜோக்குக்குப் பாதியில நின்னாலும் ரிதம் பேட் தட்ட ஆரம்பிச்சிடும். எங்க ஆளு ஒருத்தருக்கு இது பழகிப் போயி, வீட்டுலயே பாதிப் பேச்சுல நிறுத்திடறாருன்னு அவங்க வீட்டுல சொல்லிச் சிரிப்பாங்க.

பட்ஜெட் குறைஞ்சா முதல்ல வெட்டு விழுறதும் காமெடிக்குத்தான். கோரஸ் பாடற பொண்ணைக் குறைச்சா பாட்டு காதுல விழுறப்பவே தெரிஞ்சிடும். உங்களைக் குறைச்சா, சொல்லாட்டி யாருக்கும் தெரியாது. வருத்தமா இருக்கும், கணக்கு இதான்.

2005-ல விஜய் டிவியில கலக்கப்போவது யாரு வந்தப்புறம் ஏஜென்ட்டுங்க கேக்கிற முதல் கேள்வியே மாறிப் போச்சு. "டிவியில வந்த முகமா?" வந்திருந்தா ஒரு ரேட்டு, இல்லாட்டி பேசினதுல பாதி. ஜோக் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். சில சமயம் டிவி ஆளு சொல்றதே நம்ம ஆளு பத்து வருசம் முன்னாடி ஆண்டிபட்டியில சொன்னதா இருக்கும்.

பபூன்வாசல் (புதுக்கோட்டை)

தம்பி, நான் நாடகத்துல பபூன். வயசு 55. உங்க கதையைப் படிச்சேன். எனக்குத் தோணினதைச் சொல்றேன்.

வள்ளி திருமணம்னு நோட்டீஸ் அடிச்சிருப்பாங்க. ஆனா ராஜபார்ட், ஸ்திரீபார்ட்னு நாயகன், நாயகி வேசக்காரங்க எல்லாம் வர்றதுக்கு முன்னாடி மேடைக்கு வர்றவன் பபூன்தான். எங்களுக்கு கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ஆர்மோனியக்காரர் ஒரு ஊரு, மிருதங்கம் ஒரு ஊரு, டான்ஸ் பொம்பளை ஒரு ஊரு. அன்னைக்கு ராத்திரி மேடையிலதான் சந்திப்போம். அந்த வெறும் மேடையில ஒத்தை ஆளா நின்னு கூட்டத்தைக் கட்டிப் போடணும். இப்ப சென்னையில ஸ்டாண்டப்புன்னு சொல்றாங்களே, அதைத்தான் நாங்க காமிக்னு பேரு வச்சுத் தலைமுறை தலைமுறையாப் பண்ணிட்டிருக்கோம். அடுத்தவன் குரல் ஒண்ணுகூட எங்களுக்குத் தேவைப்பட்டதில்ல.

ஒரு தொழில் ரகசியம். ஏடாகூடமான பேச்சு எதையும் கூட்டத்தைப் பாத்துச் சொல்லக் கூடாது. மிருதங்கக்காரரைப் பாத்துச் சொல்லணும். "என்னண்ணே, நான் சொல்றது சரிதானே?"ன்னு அவரைக் கேக்கணும். அவர் தலையில அடிச்சுக்குவாரு. நம்ம ரெண்டு பேரு பேச்சைக் கூட்டம் ஒட்டுக் கேக்கிற மாதிரி ஆயிடும். நேரா சொன்னா சண்டைக்கு வர்ற அதே ஆளு, ஒட்டுக் கேட்டதுக்கு விழுந்து விழுந்து சிரிப்பான். உங்க கீபோர்டுக்காரரை இதுக்குப் பழக்கிக்கங்க.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் எங்கேருந்து வந்தாரு? வில்லுப்பாட்டுலயும் நாடகக் கம்பெனியிலயும் கிடந்து வந்தவரு. நந்தனார் கதையை எடுத்து, படிக்கத் துடிக்கிற கிந்தனார் கதையா மாத்திக் காலட்சேபமாவே பண்ணினாரு. கேக்கிறவனுக்குப் பழைய கதை தெரிஞ்சிருக்கணும், அதுக்கு மேலதான் சிரிப்பு நிக்கும். உங்க நம்பியாருக்கு ஆகுறதும் அதுதான், அடியில இருந்த கதை போயிருச்சு. கலைவாணர் 1957-ல போயிட்டாரு, 49 வயசு முடியல. நீங்க 47-ல கடைக்குக் கணக்கெழுதப் போறேங்கிறீங்க.

கமிட்டிபொருளாளர் (விருதுநகர் மாவட்டம்)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் கலைஞன் அல்ல, எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கல் விழாவுக்குக் கணக்குப் பார்ப்பவன். பணம் தருகிற பக்கத்திலிருந்தும் யாராவது பேச வேண்டும்.

தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, போட்டுத்தான் விழா நடத்துகிறோம். அதில் பந்தல், மேளம், வாணவேடிக்கை, அன்னதானம் போக மிஞ்சுவது கலைநிகழ்ச்சிக்கு. அதற்கும் நேரக் கட்டுப்பாடு. 2000-ல் வந்த ஒலி விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு 12 மணி வரை அரசு தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. ஆடல் பாடல் என்றால் காவல்துறை அனுமதி, கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அங்கிருந்து ஆபாசம் கூடாது, இத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகள். பபூன் ஐயா விடிய விடிய ஆடிய காலம் வேறு.

இதற்குள் சிரிப்பு நடிகர் வந்து தன் சொந்தக் கதையைச் சொன்னால் எங்கள் ஊரில் எத்தனை பேர் கேட்பார்கள்? ரஜினி குரல் வந்தால் ஐந்து வயதுப் பிள்ளையும் எழுந்து ஆடுகிறது. தெரிந்த ஒன்றைக் கேட்கத்தான் மக்கள் வருகிறார்கள். இன்னொன்று, பேச்சாளர்களும் காமெடிக்காரர்களும் எங்கள் மேல் வைக்கும் ஒரு குறை எனக்குத் தெரியும். நிகழ்ச்சி நடுவே அன்பளிப்புப் பெயர் வாசிக்கச் சொல்கிறோம் என்பது. 500 ரூபாய் கொடுத்தவர் பெயரை அப்போதே வாசிக்காவிட்டால் அடுத்த வருடம் வரி கேட்கப் போகும்போது அவர் வீட்டு வாசலில் நிற்கப் போகிறவன் நான்.

மைக்முன்னாடி

ஐயா, அன்பளிப்பு விசயத்தை நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சு. நான் ஒரு ஜோக்கை மெல்லக் கட்டி, இப்ப வெடிக்கணும்னு மூச்சை இழுக்கிற நேரத்துல ஒரு சீட்டு கைக்கு வரும். "மேலத்தெரு இன்னார் பேரப்பிள்ளைகள் சார்பாக"ன்னு வாசிச்சு, பொன்னாடைக்குக் குனிஞ்சு, நன்றி சொல்லி நிமிர்ந்தா ஜோக் ஊரை விட்டே போயிருக்கும். இப்பல்லாம் அந்தச் சீட்டையே வச்சுப் பொழைக்கிறேன். பேரை எம்.ஆர்.ராதா குரல்ல வாசிப்பேன். குடுத்தவருக்குப் பெருமை, கூட்டத்துக்குச் சிரிப்பு. அன்னைக்கு ராத்திரியோட பெரிய சிரிப்பே பல ஊர்ல அதுதான். எழுதி மனப்பாடம் பண்ணிட்டுப் போனது எதுக்கும் அப்படி விழல, அதுதான் கடுப்பு.

பபூன் அண்ணன் சொல்றது புரியுது. ஆனா உங்களுக்கு ஒரு வேசம் இருக்கு. பபூன்னா ஊரே ஒரு அனுமதி குடுத்திருக்கு. நான் பேண்ட் சட்டையில போயி நின்னு கிண்டல் பண்ணினா எவன்டா நீன்னு கேப்பாங்க. அதுலயும் எந்த ஊர்ல எதைத் தொடக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும். சாதி, கட்சி, கோயில்ல யாருக்கு முதல் மரியாதைங்கிறது. இந்த மூணும் பக்கத்துலயே போகக் கூடாது. விஜய் குரல் எடுத்தா அடுத்து அஜித் எடுத்தாகணும், அதையும் அதே அளவுக்கு. ஒரு குரல் ரெண்டு நிமிசம் கூடிட்டாக்கூட சேர் பறக்கும். நான் எப்பவும் ஒரு மணி நேரம் முன்னாடியே போயி டீக்கடையில உக்காந்திருவேன். எந்தத் தெருவுல தண்ணி வரல, எந்த பஸ் ஊருக்குள்ள வராம போகுது, இதெல்லாம் காதுல விழும்.

பபூன்வாசல்

அந்த டீக்கடைதான் தம்பி உங்க தொழில். குரல் இல்ல. வராத பஸ்ஸை மேடையில ஏத்துங்க.

அடையாறுமைக் (சென்னை)

சார், நான் ஐடி வேலை பாத்துக்கிட்டு வாரக் கடைசியில ஓப்பன் மைக், அதாவது யாரு வேணாலும் ஏறிக் காமெடி பேசற மேடைக்குப் போறவன். வயசு 41, அங்க எல்லாரும் என்னை அங்கிள்னுதான் கூப்பிடறாங்க. அஞ்சு நிமிசத்துக்காக நானே 300 ரூபாய்க்கு காபி வாங்கிக் குடிச்சிட்டுப் பேசிட்டு வர்றேன். உங்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் குடுக்கறாங்க. அலெக்சாண்டர் பாபு மென்பொருள் வேலையை விட்டுட்டு வந்துதான் பாட்டையும் காமெடியையும் கலந்து தனக்குன்னு ஒரு மேடை பண்ணிக்கிட்டாரு. வயசு ஒரு தடையே இல்ல.

அமெரிக்காவுல ராட்னி டேஞ்சர்ஃபீல்ட்னு ஒருத்தர். இளமையில காமெடி பண்ணி, பொழைக்க முடியாம விட்டுட்டு, வீட்டுச் சுவருக்கு மேல பதிக்கிற அலுமினியத் தகடு வித்தாரு. நாற்பது வயசு வாக்குல திரும்பி வந்தாரு. 1967-ல எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சி கிடைச்சப்ப 45 வயசு. தன்னை எவனும் மதிக்கிறதில்லைங்கிற ஒரே புலம்பல்தான் அவர் காமெடியே. அப்புறம் 1969-ல நியூயார்க்ல சொந்தமா ஒரு கிளப் திறந்தாரு. ஏன் தெரியுமா? ஊர் ஊரா அலையாம பிள்ளைகளோட இருக்கலாம்னு. உங்க வயசு, உங்க அலைச்சல், மச்சான் கடை, இதையே பேசுங்க சார். அதுதான் உங்க செட், மேடையில பேச வேண்டிய சரக்கு.

கீபோர்டுக்காரன்

கிளப் திறக்கணுமாம். இங்க ஒரு செட் ஸ்பீக்கர் பாக்ஸ் தவணை கட்ட முடியல.

ஆனா தம்பி சொல்றதுல இன்னொரு சிக்கல் இருக்கு. சென்னைல அஞ்சு நிமிசம் பேசினா வீடியோ எடுக்காதீங்கன்னு சொல்றாங்களாமே. எங்க மேடையில முன்வரிசை முழுக்க போன்தான். முன்னெல்லாம் ஒரு நாப்பது நிமிச ஐட்டம் கையில இருந்தா பெரியகுளத்துல ஆரம்பிச்சு பரமக்குடி வரைக்கும் வருசக்கணக்கா ஓட்டலாம். இப்ப சனிக்கிழமை சொன்னது ஞாயித்துக்கிழமை அடுத்த ஊர்ல ரீல்ஸா ஓடிக்கிட்டிருக்கு. நம்ம ஆளு மேடையேறி அதையே சொன்னா, "ரீல்ஸ்ல பாத்து அடிக்கிறான்டா"ன்னு ஒரு பொடியன் கத்தறான். சொந்த ஜோக்குக்கே திருட்டுப் பட்டம்.

அவர்வீட்டுக்காரி

இங்க எல்லாரும் மேடையைப் பத்தியே பேசறீங்க. என் வீட்டுக்காரரும் மிமிக்ரிதான், 51 வயசு. அவருக்குத் தெரியாமத்தான் எழுதறேன்.

மாசியில இருந்து ஆடி வரைக்கும் தேதி இருக்கும். அப்புறம் ஆயுத பூஜை, தீபாவளிக்கு ஒண்ணு ரெண்டு. மத்த மாசமெல்லாம் போன் அடிச்சா கடன்காரங்கதான். எங்க வீட்டு நகை ஐப்பசியில அடகுக்குப் போகும், சித்திரையில திரும்பும். 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு சொன்னாங்க. அதாவது நகை வீட்டுக்கு வர வேண்டிய நேரம் பாத்து. அந்த வருசமும் அடுத்த வருசமும் மதுரைச் சித்திரைத் திருவிழாவே சனங்க இல்லாம நடந்துச்சு, சின்ன ஊர்த் திருவிழாவைக் கேக்கவே வேண்டாம். ஒரு சங்கிலி அதுலயே முழுகிப் போச்சு. 2024-ல மார்ச் 16-லயே தேர்தல் நடத்தை விதி வந்து, பங்குனி சித்திரைத் தேதி பாதி கழண்டுச்சு. ஒரு கட்சிக்காரங்க தலைவர் குரல்ல பேச வேன்ல கூட்டிட்டுப் போனாங்க, அதுல கொஞ்சம் ஈடு கட்டினோம்.

தூக்கம்னு ஒண்ணு கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு பரோட்டாவும் சால்னாவும் தின்னுட்டு, ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நடுவுல மடங்கிப் படுத்து வருவாரு. இல்லாட்டி மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்து முதல் பஸ். சுகர் வந்துருச்சு. போன வருசம் தொண்டை கட்டி மூணு வாரம் சரியாகாம டாக்டர்கிட்ட போனோம். குரல் நாண்ல முடிச்சு மாதிரி வந்திருக்காம். கரகரன்னு இழுக்கிற குரல்களையெல்லாம் நிறுத்தணும், பேசாம இருக்கணும், கிசுகிசுன்னு பேசறதும் கெடுதல்தான்னு சொன்னாரு. படுக்கிறதுக்கு முன்னாடி வயிறு முட்டத் தின்னா புளிச்ச நீர் மேல ஏறித் தொண்டையை அரிக்குமாம். நான் இத்தனை நாளா பனங்கற்கண்டும் மிளகும் குடுத்துக்கிட்டிருந்தேன்.

மைக்முன்னாடி அண்ணா, உங்க குரல் எந்தக் கணக்குல இருக்குன்னு முதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. எதைப் பேசறதுங்கிறது அப்புறம். அப்புறம் அந்த இரும்புக் கடையைக் கேவலமா நினைக்காதீங்க. கணக்கெழுதிக்கிட்டே சீசனுக்கு மட்டும் போனா என்ன? எங்க வீட்டுல அதைச் சொன்னா பத்து நாளைக்குப் பேச்சு நின்னுடும்.

கிளிநொச்சிக்காரன்

அண்ணை, நான் இலங்கையில இருந்து எழுதிறன். நாங்கள் கோயில் திருவிழாவில சின்னமணி அண்ணையின்ர வில்லிசை கேட்டு வளந்தனாங்கள். சொல்லுறது புராணக் கதைதான், முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆனா இடையில எங்கட ஊர் விசயத்தைச் செருகுவார் பாருங்கோ, அதிலதான் சனம் சிரிக்கும். குரல் போலிசெய்து சிரிக்க வைக்கிற ஆக்கள் இஞ்சையும் இருக்கினம். அவையை இந்தியாவில இருந்து வாற டிவிக்காரர் வந்தால் ஒருத்தரும் தேடுறேல்ல. வில்லுக்குப் பக்கத்தில இருந்தவரை அப்பிடித் தள்ள ஏலாது. பொருளாளர் ஐயா, தெரிஞ்சதைக் கேக்கத்தான் சனம் வருகுது எண்டு சொன்னியள். தங்கட ஊரை விடத் தெரிஞ்சது வேற என்ன இருக்கு?

கமிட்டிபொருளாளர்

நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர் பேசினால் யாருக்குச் சுடும் என்று முன்கூட்டி எனக்குத் தெரிய வேண்டும். சண்டை வந்தால் அடுத்த வருடம் அனுமதி கிடைக்காது.

மைக்முன்னாடி

அக்கா, தொண்டையைக் காட்டினேன். முடிச்சு எதுவும் இல்ல, வீக்கம் இருக்குன்னாங்க. ரெண்டு முரட்டுக் குரலை விட்டுட்டேன். சிங்கம் மாதிரி இருந்த குரல், விட மனசே வரல. இரும்புக் கடைக்கும் போறேன், வாரத்துல நாலு நாள், வெள்ளி சனி ஞாயிறு கிடையாதுன்னு மச்சான்கிட்ட பேசிக்கிட்டேன். "கடையிலயும் நீ ஓரத்துலதான் உக்காரணும்"னாரு.

போன வாரம் ஆடி வெள்ளிக்கு ஒரு ஊர். பபூன் அண்ணன் சொன்னபடி எங்க ஆர்கெஸ்ட்ரா கீபோர்டுக்காரரைப் பாத்துப் பேசற உத்தியை வச்சுப் பாத்தேன். "அண்ணே, இந்த ஊருக்கு நான் பஸ்ல வந்தேன்"ன்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான் சொன்னேன், பொம்பளைங்க பக்கம் சிரிப்பு பத்திக்கிச்சு. ஏன்னா அந்த ஊருக்குப் பகல் பன்னெண்டுக்கு அப்புறம் பஸ்ஸே கிடையாது, டீக்கடையில கேட்டு வச்சிருந்தேன். "வந்தேன்னா, நேத்தே வந்துட்டேன்." அதுல இருந்து ஒரு பத்து நிமிசம் நல்லாப் போச்சு. அப்புறம் 47 வயசு, முட்டி வலின்னு என் கதைக்குத் திரும்பினேன், சென்னைத் தம்பி சொன்ன மாதிரி. பொத்துன்னு விழுந்துருச்சு. பையனுங்க "தளபதி, தளபதி"ன்னு கத்த ஆரம்பிச்சிட்டாங்க. தளபதி குரலைக் குடுத்துத்தான் இறங்கினேன். கமிட்டித் தலைவர் கடைசியில கவரைக் குடுக்கும்போது, "பஸ் விசயத்தைச் சொன்னீங்களே, அது எம்எல்ஏ காதுக்குப் போகுமா?"ன்னு கேட்டாரு. பாராட்டா பயமான்னு இன்னும் பிடிபடல.

அடையாறுமைக்

முட்டி வலி ஜோக் சென்னையில ஓடும் சார்.

பபூன்வாசல்

சென்னையில லிஃப்ட் இருக்கு, அதனால முட்டி வலி ஜோக்கா தெரியுது. வயக்காட்டுல நின்னுட்டு வர்றவளுக்கு உங்களை விட வலி ஜாஸ்தி தம்பி, அவ எதுக்குச் சிரிக்கணும்? தன் கஷ்டத்தைச் சொன்னா ஊரோட கஷ்டத்துக்குக் கீழதான் சொல்லணும், மேல போகக் கூடாது. எனக்குச் சொல்லிக் குடுத்தவர் சொன்னது.

இன்னொன்னு. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007-ல வந்துச்சு, எங்க ஆளுங்க நிறையப் பேரு அட்டை வாங்கியிருக்கோம். 58 வயசு தாண்டின நலிந்த கலைஞருக்கு இயல் இசை நாடக மன்றம் வழியா மாசம் 3,000 ரூபாய் உதவித்தொகை இருக்கு. எதுக்குப் போனாலும் நீ கலைஞன்னு காட்டக் காகிதம் கேப்பாங்க. ஓரத்துல படம் போட்டிருந்தாலும் அந்த நோட்டீஸை எல்லாம் எடுத்து வைங்க. பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடாதீங்க.

கீபோர்டுக்காரன்

அண்ணே, எங்க ட்ரூப்ல காமெடி நேரத்தைப் பதினஞ்சு நிமிசம் ஆக்கிட்டேன். டிரஸ் மாத்தி முடிச்சிட்டு டான்சர்ங்களே ஓரத்துல நின்னு கேக்குறாங்க. சம்பளம் ஏறும்னு மட்டும் கேக்காதீங்க.

கமிட்டிபொருளாளர்

மைக்முன்னாடி அவர்களுக்கு. ஆவணி மாதம் எங்கள் ஊரில் ஒரு நாள் இருக்கிறது. பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும். ஊர் விவரம் நானே முன்கூட்டி எழுதித் தருகிறேன், அதற்கு வெளியே போகக் கூடாது. அன்பளிப்புப் பெயர்கள் மொத்தமாக இடையில் ஒரே தடவை. சம்பளம் 5,000.

மைக்முன்னாடி

7,000 ஐயா. விவரத்தை நீங்க எழுதித் தந்தாலும் ஒரு மணி நேரம் டீக்கடையில உக்காருவேன்.

கமிட்டிபொருளாளர்

டீக்கடை என் தம்பியுடையது. 5,500, டீ இலவசம்.

மைக்முன்னாடி

6,000. அட்வான்ஸ் 2,000 இந்த வாரமே போட்டுடுங்க. மைக்கை நானே கொண்டாறேன்.